மூன்று பாக்கெட் ஹொக்கைடோ மீன்

அந்த வாரம் தெருவில் குப்பைக் காவல் எய்சாகுவின் முறை. காலை ஏழு மணிக்குப் போய், காகம் கிழிக்காமல் பைகளின் மேல் பச்சை வலையை இழுத்து மூட வேண்டும். பிளாஸ்டிக் எடுக்கும் நாளில் யாராவது சாப்பாட்டுக் குப்பையைக் கலந்து வைத்திருந்தால், பையில் எழுதியிருக்கும் பெயரைப் பார்த்து அந்த வீட்டுக் கதவைத் தட்ட வேண்டும். எழுபத்திரண்டு வயதில் படகை மகனிடம் கொடுத்துவிட்டு வீட்டில் உட்கார்ந்திருக்கும் மனிதருக்கு இதைவிடப் பிடித்த வேலை கிடையாது. பை உள்ளே இருப்பதை அப்படியே காட்டும். எந்த வீட்டில் என்ன தின்கிறார்கள், எவன் டாக்டர் எச்சரித்த பிறகும் குடிக்கிறான் என்பதெல்லாம் அவர் அப்படித்தான் தெரிந்துகொள்வார். வம்பு என்று அதற்குப் பெயர் வைக்க மாட்டார். பொறுப்பு என்பார்.

எதிர்வீட்டு யொஷினோ தன் பையைக் கொண்டுவந்து வைத்தாள். புருஷனை இழந்தவள். நகரத்து சூப்பர் மார்க்கெட்டில் பில் போடும் வேலை. பையை வைத்தவள் போகாமல் நின்றாள்.

"எய்சாகு சான், உங்க போட்டோ இன்னும் எங்க கடையில மீன் பக்கத்துலதான் தொங்குது. கலர் மங்கிப் போச்சு. சிரிப்பு மட்டும் அப்படியே இருக்கு."

"கழட்டச் சொல்லு."

"அதை ஏன் கழட்டணும்? அதுக்குக் கீழதானே உங்க மருமக வாராவாரம் வந்து நிக்கிறா." வலையின் ஓரத்தைச் சரிசெய்கிற மாதிரி குனிந்துகொண்டே சொன்னாள். "ஹொக்கைடோ தட்டை மீன். வாரம் தவறாம மூணு பாக்கெட். நான்தானே பில் போடுறேன்."

எய்சாகு அடுத்த பையில் இருந்த பெயரைப் படிக்கிற மாதிரி குனிந்தார்.

"யாரு எதை வாங்கினா எனக்கென்ன? ஆனா நம்ம துறைமுகத்து மீனைச் சோதிச்சு, ஒண்ணுமில்லைன்னு சீட்டுல கையெழுத்துப் போடுறவளே வெளியூர் மீன் வாங்கித் தின்னா, பாக்குறவங்க என்ன நினைப்பாங்க? நான் நினைக்கலை. மத்தவங்க."

"மத்தவங்கன்னா யாரு?"

"நான் ரெண்டே ரெண்டு பேர்கிட்டதான் சொன்னேன்."

யொஷினோ இரண்டு பேரிடம் சொன்னால் இவாக்கி ஊர் முழுக்கச் சொன்ன மாதிரி. எய்சாகு வலையை மூன்றாவது முறையாக இழுத்து மூடிவிட்டு வீட்டுக்கு நடந்தார்.

விஷயம் என்னவென்றால், அந்த ஹொக்கைடோ மீனைத் தின்பவரே அவர்தான்.

போன வருஷம் ஆகஸ்ட் மாதம் வடக்கே சுனாமியில் உடைந்த அணு உலையிலிருந்து தண்ணீரைக் கடலில் விட்ட நாளிலிருந்து எய்சாகு தன் மகன் பிடித்த மீனில் ஒரு துண்டைக்கூட வாயில் வைத்ததில்லை. டிவியில் அதைச் சுத்திகரித்த தண்ணீர் என்றார்கள். மகன் கட்சுயாவும் அப்படியே சொன்னான். எய்சாகு நச்சுத் தண்ணீர் என்றார். அந்த ஒரு வார்த்தைக்காக அப்பாவும் மகனும் மூன்று மாதம் முகம் கொடுத்துப் பேசவில்லை. மருமகள் தொமோயே இரண்டு வார்த்தையையும் சொல்ல மாட்டாள். "அந்தத் தண்ணி" என்பாள், அவ்வளவுதான். சண்டையில் யார் பக்கமும் சாயாமல் இருக்கிறாள் என்று முதலில் நினைத்தார். பிறகு ஏன் சாயவில்லை என்று யோசிக்கத் தொடங்கினார். தெரிந்தவள்தானே அவள்? தெரிந்தவள் ஏன் வாயைத் திறக்க மாட்டேன் என்கிறாள்?

கடைசியில் அவள்தான் ஒரு வழி சொன்னாள். மாமாவுக்கு மட்டும் கடையிலிருந்து வாங்கி வருகிறேன், வீட்டில் சண்டை வேண்டாம் என்றாள். எய்சாகு ஒரு நிபந்தனை போட்டார். சமைப்பதற்கு முன் பாக்கெட்டை அவர் கண்ணால் பார்க்க வேண்டும். அன்றிலிருந்து மாலை ஐந்து மணிக்கு அவள் பாக்கெட்டைக் கொண்டுவந்து மேசையில் வைப்பாள். மேலே ஒட்டிய லேபிளில் ஹொக்கைடோ என்று கொட்டை எழுத்தில் இருக்கும். அவர் பார்த்துத் தலையாட்டிய பிறகுதான் சோயா சாஸும் இஞ்சியும் போட்டு வேகவைப்பாள். சாப்பிடும்போது தினமும் ஒரே குறைதான்.

"சவசவன்னு இருக்கு. தூர வடக்குக் கடல் மீனுக்கு ருசியே கிடையாது. நம்ம ஜோபான் கரை மீன் மாதிரி வருமா?"

"வராது மாமா" என்பாள் தொமோயே.

இதை வெளியே சொல்ல முடியாததற்குக் காரணம் கடையில் தொங்கும் அந்தப் போஸ்டர். தண்ணீர் விடுவதற்கு இரண்டு வருஷம் முன்னால், துறைமுகத்துப் படகுக்காரர்கள் சார்பில் எய்சாகு திருவிழா மேலங்கி போட்டுக்கொண்டு, கேமரா முன்னால் சமைக்காத தட்டை மீன் துண்டைச் சாப்பாட்டுக் குச்சியால் எடுத்து வாயில் போட்டுச் சிரித்தார். ஜோபான் மீன், வாயில் வெச்சாலே தெரியும் என்று அவர் சொன்னதையே கீழே அச்சடித்தார்கள். டோக்கியோ ரயில் நிலையங்களில்கூட ஒட்டினார்கள். அந்த வாய் இப்போது ஹொக்கைடோ மீன் தின்கிறது என்று தெரிந்தால் ஊர் கைகொட்டிச் சிரிக்கும். அது அவருக்கு நன்றாகத் தெரியும்.

ஆனாலும் காலையில் வீடு திரும்பும்போது அவரைக் குடைந்தது போஸ்டர் இல்லை. மூன்று பாக்கெட். மேசைக்கு ஒன்றுதான் வருகிறது, அதையே பிரித்துப் பிரித்துச் சமைக்கிறாள் என்று இத்தனை நாள் நினைத்திருந்தார். மீதி இரண்டு எங்கே போகிறது?

சந்தேகம் வந்துவிட்டால் எய்சாகுவுக்கு மற்ற எல்லாம் மறந்துவிடும். மத்தியானம் யாரும் இல்லாத நேரத்தில் ஃபிரிட்ஜைத் திறந்து பார்த்தார். ஒரு பாக்கெட் இருந்தது, ஹொக்கைடோ. ஒரு தட்டில் கட்சுயா கொண்டுவந்த மீன் இருந்தது. மூன்று மணிக்குப் பள்ளிக்கூடம் விட்டு வந்த பேத்தி கொஹாருவைப் பிடித்து உட்கார வைத்தார். இரண்டாம் வகுப்பு.

"நேத்து சாயங்காலம் என்ன மீன் சாப்பிட்டே?"

"தாத்தா சாப்பிட்டதுதான்."

"தாத்தாவோடது வேற, உங்களோடது வேற. நல்லா யோசிச்சுச் சொல்லு."

"ஒரே சட்டிலதான் அம்மா வெச்சா" என்றாள் கொஹாரு. பிஸ்கட் டப்பாவை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

ஒரே சட்டி. அப்படியானால் வீட்டில் எல்லோருமே ஹொக்கைடோ மீன்தான் தின்கிறார்கள். மகன் பிடித்த மீனை மகனே தின்னவில்லை, தின்கிறேன் என்று ஊருக்குச் சொல்லிக்கொண்டிருக்கிறான். அல்லது அவனுக்கே தெரியாமல் அவன் பெண்டாட்டி மாற்றிப் போடுகிறாள். ஏன்? தினம் சோதனையில் வரும் எண்களைப் பார்ப்பவள் அவள். தன் பெண்ணின் தட்டில் எதை வைக்கக் கூடாது என்று அவளுக்குத்தானே தெரியும்?

இதில் ஒரு சின்ன ஆறுதலும் இருந்தது, அதையும் சொல்லிவிட வேண்டும். அவளும் நம்பவில்லை என்றால் நான் மட்டும் கோழை இல்லை என்று அவர் நினைத்துக்கொண்டார்.

வியாழக்கிழமை அவள் மறந்துவிட்டுப் போன மழைக் கோட்டை எடுத்துக்கொண்டு துறைமுகத்துச் சோதனை அறைக்குப் போனார். மழை பெய்யவில்லை. பெய்யும் என்று சொல்லிக்கொண்டார்.

ஏலக் கூடத்துக்குப் பின்னால் இருந்த சின்ன அறை அது. தொமோயே ரப்பர் பூட்ஸும் ஏப்ரனும் போட்டுக்கொண்டு மீன் வெட்டிக்கொண்டிருந்தாள். அன்று கரைக்கு வந்த ஒவ்வொரு வகையிலும் எடுத்து, முள்ளும் குடலும் நீக்கி, சதையைக் கொத்துக்கறி மாதிரி அரைத்து, வட்டமான பிளாஸ்டிக் பாத்திரத்தில் விளிம்பு வரை அடைத்து, ஈயப் பெட்டி மாதிரி கனமான மெஷினுக்குள் இறக்கினாள். கொஞ்சம் குறைந்தாலும் மெஷின் கணக்குச் சரியாக வராது என்று கரண்டியால் இன்னும் ஒரு வாய் அள்ளிப் போட்டு அமுக்கினாள். மூடியைத் தூக்க இரண்டு கையும் வேண்டியிருந்தது.

"இது சீசியக் கதிர்வீச்சைத்தானே பிடிக்கும்?" என்று கேட்டார் எய்சாகு, தெரியாதவர் மாதிரி.

"ஆமா மாமா."

"அவனுங்க ஊத்துற தண்ணில இருக்கிறது?"

"டிரிட்டியம். அதை இந்த மெஷின் பாக்காது. அதுக்கு வேற ஆய்வுக்கூடம் இருக்கு. அவங்க தனியா எடுத்துப் பாக்குறாங்க."

"அவங்கன்னா?"

"அரசாங்கம்."

"ஓகோ."

தொமோயே கையைக் கழுவினாள். எய்சாகு அறையை ஒரு சுற்றுப் பார்த்தார். மூலையில் ஒரு சின்ன ஃபிரிட்ஜ் இருந்தது. கதவு சரியாக மூடாமல் ஒரு விரல் அளவு திறந்திருந்தது. உள்ளே நகரத்து சூப்பர் மார்க்கெட் பை, அதற்குள் வெள்ளைத் தட்டு ஒன்றின் மேல் ஒன்றாக. அவர் பார்ப்பதை அவள் பார்த்தாள். இடுப்பால் இடித்துக் கதவைச் சாத்தினாள்.

"மழை வராது போல இருக்கே மாமா."

"வரும்" என்றார்.

திரும்பும்போது அவர் வழக்கத்தைவிட வேகமாக நடந்தார். கோபமா, பயமா என்று அவருக்கே தெரியவில்லை. கையும் களவுமாகப் பிடித்துவிட்டோம் என்ற திருப்தி முதலில் வந்தது. அது போன பிறகு பேத்தியின் முகம் வந்தது, தண்ணீரைக் கடலில் விட்ட அந்த மத்தியானமும் நினைவுக்கு வந்தது.

வெள்ளிக்கிழமை மீனவர் கூட்டுறவுச் சங்கத்திலிருந்து போன் வந்தது. யொஷினோவின் இரண்டு பேர் இருபது பேராகி, பேச்சு ஏலக் கூடத்துத் தரகர்கள் வரைக்கும் போய்விட்டது. அவர்களில் இரண்டு பேர் திங்கட்கிழமை ஏலத்துக்கு வரப்போவதில்லை என்று சொல்லிவிட்டார்கள். சனிக்கிழமை கடலுக்குப் போகாத நாள், எல்லோரும் வாருங்கள், தொமோயே சானும் வரட்டும் என்றார் சங்கத் தலைவர் ஓவாடா. குரல் மிகவும் மரியாதையாக இருந்தது. ஓவாடா மரியாதையாகப் பேசினால் முடிவெடுத்துவிட்டார் என்று அர்த்தம்.

அன்று சாப்பாட்டு மேசையில் கட்சுயா குச்சியைக் கீழே வைத்தான்.

"அப்பா, நாளைக்கு நீங்க எழுந்து நின்னு அந்த மீன் எனக்குத்தான்னு ஒரு வார்த்தை சொன்னா முடிஞ்சுடும்."

"ஒரு பாக்கெட் எனக்கு. ஒத்துக்கறேன். மீதி ரெண்டு யாருக்குன்னு உன் பொண்டாட்டியைக் கேளு."

"எந்த ரெண்டு?"

"வாரத்துக்கு மூணு வாங்குறா. உனக்குத் தெரியாதா?"

கட்சுயா தொமோயேயைப் பார்த்தான். அவனுக்குத் தெரியாது என்பது அந்தப் பார்வையிலேயே தெரிந்தது.

"வீட்டுக்குத்தான்" என்றாள் அவள்.

"நம்ம வீட்டுக்கா? நான் கொண்டு வர்ற மீன் என்ன ஆகுது?"

"அதுவும் வீட்டுக்குத்தான். சாப்பிடுங்க, ஆறுது."

கட்சுயா சாப்பிடவில்லை. தன் தட்டில் இருந்த மீனைக் குச்சியால் புரட்டிப் பார்த்தான், அது எந்தக் கடலில் பிடித்தது என்று முதுகில் எழுதியிருக்குமோ என்கிற மாதிரி. பதினாறு வருஷம் குடித்தனம் பண்ணின பெண்டாட்டியை அவன் அப்படிப் பார்த்து எய்சாகு கண்டதில்லை. அந்தப் பார்வையைத் தன்னிடமிருந்துதான் அவன் எடுத்துக்கொண்டான் என்று அவருக்குப் புரிந்தது. சாப்பாடு சவசவ என்று இருப்பதாகக்கூட அன்று சொல்லவில்லை.

சங்கத்து மாடியில் முப்பது மடக்கு நாற்காலி போட்டிருந்தார்கள். ஆளுக்கு ஒரு காகிதக் கப்பில் டீ. சுவரில் அதே போஸ்டர், இங்கே வெயில் படாததால் கலர் போகவில்லை. எய்சாகு அதற்கு முதுகைக் காட்டி உட்கார இடம் தேடினார். கிடைக்கவில்லை, எதிரேதான் உட்கார வேண்டியிருந்தது.

ஓவாடா எழுந்து குனிந்து வணங்கினார். தொமோயே சானின் பன்னிரண்டு வருஷ உழைப்பைப் புகழ்ந்தார். பிறகு அதே குரலில், "சும்மா ஒரு விளக்கம் கேக்கறோம், அவ்வளவுதான். ஹொக்கைடோ மீன் வாங்கினது உண்மையா?" என்றார்.

"உண்மைதான்."

"யாருக்குன்னு தெரிஞ்சுக்கலாமா?"

தொமோயே எழுந்து நின்றாள். "மன்னிக்கணும். அதைச் சொல்ல மாட்டேன்."

கூடத்தில் நாற்காலிகள் கிரீச்சிட்டன. பின்வரிசையிலிருந்து ஒரு தரகர், "வெளியூர்க்காரங்க பேசினா வதந்தின்னு சொல்லி அழுவோம். நம்ம ஆளே தின்ன மாட்டேன்னா அதுக்கு என்ன பேரு?" என்றார். ஓவாடா காகிதத்தைப் புரட்டினார். சோதனை அறைக்குத் தற்காலிகமாக வேறு ஒருவரைப் போடுவது பற்றி ஆரம்பித்தார்.

தற்காலிகம் என்றால் என்னவென்று அங்கே எல்லோருக்கும் தெரியும். வேலை போவது பெரிதில்லை. இத்தனை வருஷம் அவள் கையெழுத்துப் போட்ட சீட்டெல்லாம் பொய் என்றாகிவிடும். பொய்க்காரியின் புருஷன் பிடித்த மீனை எவன் ஏலம் எடுப்பான்? கட்சுயா படகைக் கட்டிப் போட வேண்டியதுதான்.

எய்சாகு அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். ஐஸில் கிடந்து கிடந்து விரல் மூட்டெல்லாம் வெடித்திருந்தது. மணிக்கட்டில் ஒரு செதில் ஒட்டியிருந்தது. அவர் உட்கார்ந்திருக்கும் பக்கம் அவள் ஒரு தடவைகூடத் திரும்பவில்லை. திரும்பினால் எல்லோரும் அவரைப் பார்ப்பார்கள் என்று திரும்பாமல் இருக்கிறாள். மீதி இரண்டு பாக்கெட் எங்கே போனால் என்ன? இவள் வேலையைவிட, பேரைவிட, என் மானம் இவளுக்குப் பெரிதாக இருக்கிறதே என்று நினைத்தபோது அவருக்கு வெட்கம் தாங்கவில்லை. எழுந்தார்.

"எனக்குத்தான்."

ஓவாடா நிறுத்தினார்.

"அந்த மீன் எனக்கு. போன ஆகஸ்ட்டுலேருந்து நான் நம்ம மீனைத் தின்னலை. நான்தான் வாங்கிட்டு வரச் சொன்னேன். அவளை விட்டுடுங்க."

யாரோ டீயைக் கீழே சிந்தினார்கள். முன்வரிசையில் இருந்தவர்கள் எல்லாம் முதலில் எய்சாகுவைப் பார்த்தார்கள், பிறகு சுவரில் சிரிக்கும் எய்சாகுவைப் பார்த்தார்கள். ஓவாடாவின் முகம் வெளுத்துவிட்டது. சோதனை அறைப் பெண் தின்னவில்லை என்றால் ஆளை மாற்றலாம். போஸ்டர்காரரே தின்னவில்லை என்றால் யாரை மாற்றுவது?

"இது இன்னும் நல்லா இருக்கு" என்றார் அந்தத் தரகர். கோட்டை எடுத்துக்கொண்டு எழுந்தார்.

"உக்காருங்க" என்றாள் தொமோயே. அவள் அவ்வளவு சத்தமாகப் பேசி யாரும் கேட்டதில்லை. "மாமா சொன்னது பொய்."

"நான் பொய் சொல்லலை" என்றார் எய்சாகு.

"உங்களுக்குத் தெரியாது மாமா." அவள் பையைத் திறந்து ரப்பர் பேண்ட் போட்ட ஒரு கட்டுச் சீட்டை எடுத்து ஓவாடா முன்னால் வைத்தாள். "ஹொக்கைடோ மீனை யாருமே தின்னலை. மெஷின்ல போட்டுட்டேன். வேலை முடிஞ்ச பிறகு, வாராவாரம். பாத்திரம் நிறைய மூணு பாக்கெட் வேணும், அதனால மூணு. அந்த மீனு சுத்தம், நம்மது அழுக்குன்னு மாமா சொன்னாரு. எனக்கும் தெரிஞ்சுக்கணும் போல இருந்துச்சு. நானும் பயந்துட்டுத்தான் இருந்தேன், பொண்ணு இருக்காளே. எல்லாச் சீட்டும் இருக்கு, பாத்துக்கங்க. நம்ம மீனுக்கு என்ன வருதோ அதேதான் அதுக்கும் வருது. ஒண்ணும் பிடிபடலை."

"அப்ப எய்சாகு சான் தின்னது?" என்றார் ஓவாடா.

தொமோயே தலையைக் குனிந்துகொண்டாள். "அவர் பிள்ளை பிடிச்சது. பாக்கெட் தட்டைக் கழுவி அதுல நம்ம மீனை வெச்சு, லேபிளைப் பிரிச்சு மேல ஒட்டிக் காட்டுவேன். வாரம் பூரா ஒரே லேபிள்தான். தேதி சின்ன எழுத்து. அவர் ஹொக்கைடோங்கிறதை மட்டும்தான் பாப்பாரு."

மூலையில் ஒருவன் மூக்கால் சிரித்தான். அடுத்து அவன் பக்கத்தில் இருந்தவன். அப்புறம் கூடமே சிரித்தது. கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தார்கள், முதுகில் தட்டிக்கொண்டு சிரித்தார்கள். ஒரு வருஷமாக யாரும் அந்த மாடியில் சிரித்ததில்லை.

"எய்சாகு சான், ருசி எப்படி இருந்துச்சு?"

"சவசவன்னு இருந்ததாம்" என்றான் கட்சுயா. தாங்க முடியாமல் அவனும் சிரித்துவிட்டான். "நம்ம ஜோபான் மீன் மாதிரி வராதாம்."

"வாயில் வெச்சாலே தெரியும்னு போட்டிருக்கே" என்று தரகர் போஸ்டரைக் காட்டினார். கோட்டைத் திரும்பவும் நாற்காலியில் போட்டார். திங்கட்கிழமை வருகிறேன் என்றார். சோதனை அறைக்கு வேறு ஆள் என்ற பேச்சை ஓவாடா காகிதத்தோடு மடித்து வைத்தார்.

எல்லோரோடும் சேர்ந்து எய்சாகுவும் சிரிக்கப் பார்த்தார். எழுபது வருஷம் இந்தக் கடலைத் தின்ற நாக்கு. அதுவும் ஏமாற்றிவிட்டது. லேபிள் எதைச் சொன்னதோ அதைத்தான் அதுவும் சொன்னது.

கட்சுயா படகைப் பார்க்கப் போனான். தொமோயே சின்ன லாரியை ஓட்ட, எய்சாகு பக்கத்தில் உட்கார்ந்தார். கடற்கரைச் சுவரை ஒட்டி வண்டி போயிற்று. சுனாமிக்குப் பிறகு கட்டிய சுவர், ரோட்டிலிருந்து கடல் தெரியாது.

"கோவமா மாமா?"

"ஊரே சிரிச்சுதே, அதுக்கு இல்லை."

"பின்ன?"

அவர் சுவரையே பார்த்தார். "அந்த உலைக் கம்பெனிக்காரனுங்க ஒரு காகிதம் எழுதிக் கொடுத்தானுங்க, ஞாபகமிருக்கா? மீனவங்க புரிஞ்சு சம்மதிக்காம ஒரு சொட்டுகூட விட மாட்டோம்னு. அதைப் படிச்ச ரூம்ல நான் இருந்தேன். நம்பித்தான் கேமரா முன்னால போய்த் தின்னேன். அப்புறம் ஒரு நாள் விட்டுட்டானுங்க. கேட்டா, ஒண்ணும் ஆகாது, அளந்து பாத்துட்டோம்னானுங்க."

தொமோயே வேகத்தைக் குறைத்தாள்.

"நீயும் அளந்து பாத்துட்டே" என்றார். "ஒரு வருஷமா எனக்குள்ள ஊத்திட்டே இருந்திருக்கே. என்னைக் கேட்டியா?"

"கேட்டிருந்தா தின்னிருப்பீங்களா?"

"மாட்டேன்."

"அதனாலதான்."

"அவனுங்களும் அதனாலதான்."

அவள் வண்டியை ஓரமாக நிறுத்தினாள். ஸ்டீரிங்கைப் பிடித்த கையை எடுக்கவில்லை. மன்னிப்புக் கேட்பாள் என்று எய்சாகு எதிர்பார்த்தார். கேட்கவில்லை. கேட்டிருந்தால் அவருக்குச் சுலபமாக இருந்திருக்கும், அதையும் தட்டிவிட்டிருப்பார்.

"அந்த மெஷின் டிரிட்டியத்தைப் பாக்காதுன்னு நீயே சொன்னே" என்றார்.

"பாக்காதுதான்."

"அப்ப உனக்கு முழுசாத் தெரியாது."

"தெரியாது" என்றாள். "எனக்குத் தெரிஞ்ச வரைக்கும் நல்ல மீன். அதுக்கு மேல எனக்குத் தெரியாது மாமா. கொஹாருவுக்கும் அதைத்தான் கொடுத்தேன்."

ஒரு வருஷத்தில் அவள் அந்தத் தண்ணீரைப் பற்றி அவ்வளவு பேசினது அதுதான் முதல் தடவை. எய்சாகு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். வண்டி கிளம்பியது.

அன்று மாலை ஐந்து மணிக்குப் பாக்கெட் வரவில்லை. ஆறு மணிக்குச் சட்டியோடு வந்து அவள் மேசை ஓரத்தில் நின்றாள். கட்சுயாவும் கொஹாருவும் ஏற்கெனவே உட்கார்ந்திருந்தார்கள். கட்சுயா மீதி வைத்திருந்த சிரிப்பை அடக்கிக்கொண்டு அப்பாவைப் பார்த்தான்.

"இது இவர் இன்னைக்குப் படகு ஐஸ் பெட்டியிலேருந்து எடுத்துட்டு வந்த மீன்" என்றாள் தொமோயே. "நேத்துப் பிடிச்சது, நம்ம கடல்ல. வைக்கட்டுமா மாமா?"

இஞ்சி வாசனை வந்தது. நாக்கில் எச்சில் ஊறியதை அவரால் மறைக்க முடியவில்லை. ஒரு வருஷமாகத் தினம் தின்றதுதான். இனிமேல் வேண்டாம் என்பதால் யாருக்கும் ஒரு லாபமும் இல்லை. அது அவருக்கும் தெரியும். ஆனால் இந்தத் தடவைதான் அவரைக் கேட்டிருக்கிறார்கள்.

"வேண்டாம்" என்றார்.

கட்சுயா ஏதோ சொல்ல வாயெடுத்தான். தொமோயே அவன் தோளைத் தொட்டாள். சட்டியை எடுத்துக்கொண்டு போனாள். திரும்பி வந்து ஒரு கிண்ணம் சோறும், மிசோ சூப்பும், உப்பில் ஊறிய முள்ளங்கி நாலு துண்டும் அவர் முன்னால் வைத்தாள். அவள் முகத்தில் கோபமோ வருத்தமோ இல்லை. சரி என்று மட்டும் இருந்தது.

எய்சாகு குச்சியை எடுத்தார். முந்தின ஆகஸ்டுக்குப் பிறகு, அவள் கையால் வைத்ததை உற்றுப் பார்க்காமல் அவர் சாப்பிட்டது அன்றைக்குத்தான்.